பின்சீட்டில் விசிறியவர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும்.

இது இருட்டில் நடந்ததல்ல. பட்டப்பகல். மதியம் மூன்று மணி... ஊருக்கு வெளியே புறவழிச்சாலை. இரண்டு பக்கமும் வெட்டவெளி. ஒரு லாரி போனால் அடுத்தது வரப் பத்து நிமிடம் ஆகும். அந்தச் சாலையில் ஒரு கார் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

காரில் நான்கு பேர். ஒருவர் என் நண்பனின் அண்ணன், எலெக்ட்ரீஷியன். அடுத்தவர் அவருடைய தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகும் மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு இன்னும் ஆறே நாள். காரை ஓட்டியவர் வாடகைக் கார் டிரைவர். சோடா தவிர எதையும் தொடமாட்டார். நான்காமவர் முடிவெட்டும் கடை வைத்திருப்பவர். கூட்டாளிகள் அவரைக் கத்திரி என்பார்கள்.

அன்றைய ஏற்பாடு கத்திரியுடையது. சாலை நெடுக ஐந்து பார். ஒன்றில் ஒரு கிளாஸ், உடனே அடுத்தது. யாரையும் நிம்மதியாக உட்கார விடமாட்டார். "எந்திரிங்கடா, இங்கயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?"

அண்ணனுக்கு மட்டும் மனசு ஒரு நிலையில் இல்லை. கிளம்பும்போது தங்கை சொல்லியிருந்தாள்: "அண்ணே, அவருக்கு இதெல்லாம் பழக்கமில்ல. முழுசாக் கூட்டிட்டு வந்து சேரு."

இரண்டாவது பாரிலேயே மாப்பிள்ளைக்கு நாக்கு குழறியது. மூன்றாவது வருவதற்குள் பின்சீட்டில் மல்லாந்து தூங்கிப்போனார். வண்டியை மூன்றாவது பாரின் நிழலில் நிறுத்தி, கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கிவிட்டார்கள். தள்ளாடி ரோட்டில் இறங்கிவிடப் போகிறாரே என்று கதவுகளைப் பூட்டினார்கள். சாவி டிரைவர் பையில்.

"மாப்ள, அஞ்சே நிமிஷம். இதோ வந்துடறோம்" என்றார் அண்ணன், தூங்குகிறவரிடம்.

அஞ்சு நிமிஷம்... அரை மணி ஆனது. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அண்ணன் எழுந்தார். வெளியே போயிருந்த கத்திரி அப்போதுதான் திரும்பி வந்தார்.

"உக்காருப்பா. நம்ம ஆளு பக்கத்துலயே உக்காந்து அட்டையால விசிறிட்டு இருக்கு. மாப்ளைக்கு ராஜ உபசாரம்!"

டிரைவர் மேசையில் இல்லை. அவர்தான் போலிருக்கிறது என்று அண்ணன் மறுபடி உட்கார்ந்தார்.

இன்னும் அரை மணி. டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்னப்பா, விசிறிக் கை வலிக்குதா?" கத்திரி சிரித்தார்.

"நான் எங்க விசிறினேன்? சமையல்காரர் நமக்குப் பழக்கம். அடுப்பங்கரையில பேசிட்டு இருந்தேன். ஜன்னல் வழியா வண்டியைப் பாத்தேனே..." டிரைவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்கதானே அவருக்குத் தண்ணி குடுத்துட்டு இருந்தீங்க?"

அண்ணன் அந்தப் பாரை விட்டு வெளியே காலே வைக்கவில்லை.

"அப்ப... உள்ள யாரு?"

டிரைவர் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது.

மூன்று பேரும் ஓடினார்கள். நிழல் எப்போதோ நகர்ந்துபோய், கார் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம்... டப்... டப்... டப். காய்ந்த அட்டை காற்றை அடிக்கிற சத்தம். சாவி திரும்பியதும் நின்றது.

உள்ளே மாப்பிள்ளை மட்டும்.

வெளித்தகரம் கையைச் சுட்டது. உள்ளே சில்லென்று இருந்தது. ஈரமண் வாடை. மாப்பிள்ளை வாந்தி எடுத்திருந்தார். ஆனால் மல்லாந்து கிடந்தவரை யாரோ ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, கன்னத்துக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்திருந்தார்கள். அவர்களில் யாருடைய துண்டும் அல்ல.

மல்லாந்தே கிடந்திருந்தால்... வாந்தி மூச்சை அடைத்திருக்கும்.

கடவுள் யாரை எந்த உருவில் அனுப்புவார் என்று எனக்குத் தெரியாது. நாம் எட்டிப் பார்க்காத இடத்துக்கு வேறு யாரோ போகவேண்டியிருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

அண்ணன் மறுபக்கக் கதவைத் திறந்து, மாப்பிள்ளையை அணைத்துத் தூக்கி உட்காரவைத்தார். மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார்.

"யாரு மாப்ள உன்கூட இருந்தது?"

"தெரியல மச்சான். நல்ல மனுஷன். மல்லாந்து படுக்காதேன்னு திட்டிட்டே இருந்தாரு."

"யாருன்னு சொன்னாரா?"

"அவரோட கூட்டாளிங்களும் அஞ்சு நிமிஷத்துல வர்றோம்னு அவரை வண்டியில விட்டுட்டுப் போனாங்களாம்..." மாப்பிள்ளை உதட்டை நனைத்துக்கொண்டார். "இன்னும் வரலையாம்."

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். கத்திரி முன்சீட்டில் ஏறிக்கொண்டு, "வீட்டுக்கே போயிடலாம்" என்றார்.

அண்ணன் வெளியே நின்று, திறந்திருந்த பின்கதவை ஓங்கிச் சாத்தப் போனார்.

"மெதுவா மச்சான்!" மாப்பிள்ளை பதறினார். "அவரு கைய வெச்சிருக்காரு."

அண்ணன் மெதுவாகத்தான் சாத்தினார்.

கதவு, மெத்தென்ற எதிலோ பட்டு நின்றது.