மயிலையின் வாரிசு

வேலம்பாளையம் டவுன் பஸ்ஸில், பனியன் கம்பெனி அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்ன முதல் வரியைக் கேட்டதுமே நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"எங்க ஊட்டுக் காளைக்கு மொரீஷியஸ்ல சொந்தக்காரங்க இருக்காங்கக்கா."

"ஏங்கண்ணு, தூக்கம் தெளியலையா?"

"நெசமாலுங்க. எங்க அப்பாவோட தாத்தாவுக்குத் தம்பி ஒருத்தரு அந்தக் காலத்துல கப்பலேறிப் போயிட்டாரு. அவரோட கொள்ளுப்பேரன் பழைய கப்பல் பதிவைத் தேடியெடுத்து, ஊர்ப்பேரை வெச்சே காங்கேயத்துல எங்க ஊட்டுக்கு வந்துட்டாருங்க. அந்தப் பதிவுல, ஊர்ல இருக்கற நெருங்கின சொந்தம்ங்கற எடத்துல மயிலைன்னு போட்டிருக்கு. அது அண்ணன் பேருன்னு நெனச்சுட்டு, மயிலையோட வாரிசு யாருன்னு கேக்கறாரு."

"அட சாமி! மயிலைங்கறது மாட்டுப் பேரல்லோ?"

"ஆமாங்க. அண்ணன்கூடச் சண்டை போட்டுட்டுப் போன மனுசன், காளை பேரைக் குடுத்திருக்காரு."

"அத்தன தூரம் வந்தவர்கிட்ட அதை எப்படிச் சொன்னீங்க?"

"அப்பாதானுங்க சொன்னாரு. மாட்டுக்கொட்டாய்க்குக் கூட்டிட்டுப் போயி, 'இவன்தானுங்க வாரிசு'ன்னு எங்க காளையைக் காட்டுனாரு."

"கோவிச்சுக்கிட்டாரா?"

"காளையையும் அப்பாவையும் மாத்தி மாத்திப் பாத்தாருங்க. அப்பறம் விழுந்து விழுந்து சிரிச்சாரு. காளையோட கழுத்தைக் கட்டிப்புடிச்சு போட்டோ எடுத்து மொரீஷியஸ்ல இருக்கற அவரு ஊட்டுக்கு அனுப்புனாரு."

"என்னன்னு எழுதி?"

"'பெரியப்பாவைப் பார்த்துட்டேன், நல்லா இருக்காரு'ன்னு."