கிள்ளான் வரைக்கும் கத்திய வண்டி

— இது வண்டியா, கோயில் மணியா? பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஏறினதுலேர்ந்து அடிக்குது, இன்னும் நின்னபாடில்ல. மார்க்கிரட், எதையாச்சும் அமுக்கு!

— எல்லாத்தையும் அமுக்கிப் பாத்தாச்சுக்கா. பெல்ட்டு சரியா மாட்டலன்னா இப்படித்தான், டிங் டிங்னு அடிச்சுக்கிட்டே இருக்கும்.

— அப்ப சரியா மாட்டு. இத்தன வருஷமா என் தம்பிக்குப் பொண்டாட்டியா இருக்க, ஒரு பெல்ட்டு மாட்டத் தெரியல உனக்கு.

— மாட்டினேன்க்கா. பாதியில நின்னுடுது. கிளிக்னு சத்தம் வரணும், வரமாட்டேங்குது.

— என்னுது ஒழுங்காத்தானே மாட்டுச்சு? மூச்சு முட்டுது, அது வேற கதை. மாட்டக் கட்டுற மாதிரி கட்டிப் போட்டு, கூடவே மணியும் அடிக்கிறான் ஜப்பான்காரன். நம்மள என்ன பால் கறக்கவா கூட்டிட்டுப் போறான்?

— கஷ்டமா இருந்தா கழட்டிடுங்களேன் அக்கா.

— கழட்டினா போலீஸ்காரன் சம்மன் நீட்டுவான். சீதாலெட்சுமி நடு ரோட்டுல கைகட்டி நிக்கிறத நீ வேடிக்க பாக்கணும். அதானே?

— ஐயோ, அப்படியெல்லாம் இல்லக்கா.

— உன் புருஷன் விஜயன் என்ன பண்றான்? அவன் ஓட்டறப்பயும் இப்படித்தான் கத்துதா?

— ஆமாக்கா. அவர் ரேடியோவ சத்தமா வச்சிடுவாரு.

— அப்பன் புத்தி! எங்கம்மா வாயத் திறந்தா எங்கப்பாவும் ரேடியோவத்தான் திருகுவாரு. ரயில்வேல ஸ்டேஷன் மாஸ்டரு, ஊருக்கே கொடி காட்டினாரு, வீட்டுல ரேடியோ. ஏன், வர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகலியா?

— போனோம்க்கா. அய்யாவு அண்ணே வயர வெட்டி விட்டா சத்தம் போயிடும்னாரு. நான்தான் வேணாம்னு சொன்னேன். சத்தம் போனா மட்டும் பெல்ட்டு மாட்டிக்குமா?

— ஓகோ. மேடம் பெரிய இஞ்சினியரு. அப்ப அடிக்கட்டும். கேட்டுக்கிட்டே போவோம், நாதஸ்வரம் மாதிரி.

— ஸாரிக்கா. பெட்டாலிங் ஜெயா தாண்டிட்டோம், இன்னும் கொஞ்ச தூரம்தான் லா.

— இந்தா பாரு, ஒண்ண நல்லா கேட்டுக்க. கிள்ளான்ல சேல எடுக்க வரேன்னுதான் சொன்னேன். நலங்குக்கு வரேன்னு நான் இன்னும் வாயத் திறக்கல.

— தெரியும்க்கா.

— என்ன தெரியும்?

— மாப்பிள்ள வீட்டுல நேத்தும் போன் பண்ணாங்க. பொண்ணுக்கு மொத மஞ்சள் அத்தைதானே வைக்கணும், அத்தை வராங்களான்னு கேட்டாங்க. என் பக்கத்துல யாருக்கும் அந்த மொறையெல்லாம் தெரியாதுக்கா. நீங்க நிக்கலன்னா என் மக குணேஸ்வரிக்கு அங்க யாருமில்ல.

— இப்ப வேணும் அத்தை! நீயும் விஜயனும் சர்ச்சுல மோதிரம் மாத்தினீங்களே, அன்னிக்கி இந்த அக்கா எங்கிருந்தா?

— வாசல் வரைக்கும் வந்து திரும்பிட்டீங்க.

— சாமி கும்பிடற எடத்துக்குள்ள ஊரே செருப்புக் காலோட போகுது. நான் எப்படி வருவேன்?

— சரிக்கா.

— சரிக்கா, சரிக்கா. இதத் தவிர உனக்கு வேற தமிழே தெரியாதா? உன் வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சிருப்பனா இத்தன வருஷத்துல? இந்த வண்டியில ஏறினதே பெரிசு. கோயில்ல பூச போட்டாச்சு, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி எறக்கியாச்சுன்னு விஜயன் சத்தியம் பண்ணான். அதனால ஏறினேன். இல்லன்னா எனக்கு பஸ் இருக்கு.

— அக்கா, டோல் வருது. இத மட்டும் கொஞ்சம் அமுக்கிப் பிடிச்சுக்கிறீங்களா? நல்லா அழுத்தினா சத்தம் நிக்கும். அந்தப் பொண்ணு நம்மளயே பாக்குது.

— எத?

— என் இடுப்புக்கிட்ட, இந்த பெல்ட்டு நுனிய. கீழ பாத்து அழுத்துங்க.

— கர்மம்... ம். நின்னுடுச்சு!

— கைய எடுத்தா திரும்ப அடிக்கும்க்கா.

— அப்ப கிள்ளான் வரைக்கும் நான் உன் இடுப்பப் பிடிச்சுக்கிட்டு வரணுமா? நல்லாருக்குடி ஞாயம். டோலத் தாண்டி ஓரமா நிறுத்து.

— எதுக்குக்கா?

— நிறுத்துன்னா நிறுத்து... ஆங். எஞ்சின அணைச்சுட்டு தள்ளி உக்காரு. என் கொண்டை ஊசி எங்க... இந்தா. குனியறேன், முழங்கைய எடு. ஓட்டைக்குள்ள என்னமோ இருக்குடி.

— பாத்துக்கா, கைய குத்திக்கப் போறீங்க.

— எனக்கே சொல்றியா. வருது, வருது... சீ, கல்லு மாதிரி காஞ்சு கெடக்கு. என்னடி இது? மஞ்சளா இருக்கு. உள்ள செவப்பு. மோந்து பாரு.

— வாசனையா இருக்குக்கா.

— சந்தனம்! சந்தனமும் குங்குமமும்! எந்த மடச் சாம்பிராணிடி இதுக்குள்ள கொண்டு போயி அப்பினது? பொட்டுன்னா ஒரு வெரலால தொட்டு வைக்கணும். இது என்ன, செவுத்துக்கு சிமெண்டா? விஜயனா? அவனாத்தான் இருக்கும். அந்த வீட்டுல இருந்து இருந்து சாமி மொறையே மறந்து போச்சு அவனுக்கு.

— அவர் இல்லக்கா.

— பின்ன? ஐயரா?

— ஐயர் வெளியில மட்டும்தான் வச்சாரு. மிச்சத்த தட்டோட என் கையில குடுத்து, உள்ள நீங்களே வச்சுக்கம்மான்னு சொல்லிட்டாரு. ஸ்டீரிங்குக்கு வச்சேன், கியருக்கு வச்சேன். ஆள விழாமப் பிடிச்சுக்கிறது இதுதானேன்னு, இதுக்குக் கொஞ்சம் அதிகமாவே வச்சுட்டேன்.

— நீயா? நீ எதுக்குக் கோயிலுக்குப் போன?

— அவர் போகமாட்டேன்னுட்டாரு. அக்காவுக்காக நான் எலுமிச்சம்பழம் நசுக்கணுமா, வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்னு கோவம். போட்டாச்சுன்னு உங்ககிட்ட சும்மா சொல்லிடறேன்னாரு. எனக்கு மனசு கேக்கல. பொய் சொல்லி உங்கள ஏத்தக்கூடாதுல்ல? அவர் வேலைக்குப் போனதும் நானே ஓட்டிட்டுப் போயிட்டேன்.

— தனியா?

— தனியாத்தான். செருப்ப வெளியில விட்டுட்டுத்தான் போனேன்க்கா. மாட்டிப் பாக்கறேன்... கிளிக்! மாட்டிக்கிச்சுக்கா! எஞ்சின் போடறேன், கேளுங்க. சத்தமே இல்ல.

— எனக்கென்ன காதா கேக்காது? பேச்ச மாத்தாத. பூச போட்டியே, அர்ச்சன யார் பேருக்கு?

— அது... ஐயர் பேரு, நட்சத்திரம் ரெண்டும் கேட்டாருக்கா. எனக்கு ஏது நட்சத்திரம்? பின்னாடி வேற ஆளுங்க நிக்கிறாங்க. அவசரத்துல உங்க பேரத்தான் சொன்னேன். சீதாலெட்சுமி, ரோகிணின்னு.

— என் பேரயா?

— கோவிச்சுக்காதீங்கக்கா. வேணும்னா உங்கள இங்கேயே ஒரு டாக்ஸி பிடிச்சு வீட்டுக்கு அனுப்பி விட்டுடறேன். சேலைய நான் பாத்து எடுத்துக்கறேன்.

— எடுப்ப, எடுப்ப. குருவி முட்ட கலர்ல ஒண்ண எடுத்துட்டு வந்து நிப்ப. வண்டிய எடு. ரோகிணியாம் ரோகிணி, எவடி உனக்குச் சொன்னது? நான் மகத்துக்குப் பொறந்தவ. நலங்கன்னிக்கி ஐயர் பக்கத்துல நீ வாயே திறக்கக் கூடாது, எல்லாம் நான் சொல்லிக்கறேன்.