ஆறடி வேலியும் ஒரு தட்டு பிஸ்கட்டும்

ஓட்ஸ் பிஸ்கட்டில் வெண்ணெய் குறைந்தால் தவிடு தின்கிற மாதிரி இருக்கும். அதனால் தாராளமாகவே போட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், போலீஸ் தம்பி. இந்த நெட்டி அரைகுறையாகச் செய்தாள் என்று ஊர் பேசக் கூடாது.

இந்த மேரிலாந்துக் கரையில், நண்டுச் சதை எடுக்கும் கொட்டகையில் ஜெரால்டினும் நானும் இருபத்தாறு வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். கை நண்டை உடைக்கும், வாய் ஊரை உடைக்கும். திடீரென்று ஒருநாள் அவளுக்கு நண்டு ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. முகம் வீங்கியது, மூச்சு திணறியது, என் கையைப் பிடித்துக்கொண்டு வாயை வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. அன்றிலிருந்து, மூச்சடைத்தால் தொடையில் குத்திக்கொள்ளும் ஊசி ஒன்றைத் தகர டப்பாவில் போட்டு வாசல் ஜன்னலோரம் வைத்திருந்தாள்.

நண்டு தின்ன முடியாதவள் எங்கள் ஊரில் இருந்து என்ன செய்ய என்று நாலு பேரிடம் சொன்னேன். அவள் மருமகன் வேறொருத்தியோடு போனதையும் சொன்னேன். உண்மைதானே. ஏப்ரலில் எங்கள் வீடுகளுக்கு நடுவே ஆறடி வேலி எழும்பியது.

"என்னடி, எனக்காகவா இவ்வளவு பலகை?"

"உனக்காகத்தான் நெட்டி. உன் கழுத்துக்கும் கொஞ்சம் ஓய்வு வேணாமா? எத்தனை வருஷம்தான் எட்டி எட்டிப் பார்க்கும்?"

எனக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியில் ஏறினால் அவள் சமையலறை தெரியும்.

ஜூனில் நூலகத்தில் பூச்சித் திருவிழா. இலவசம் என்பதால் முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு சின்னப் பெண் பேசினாள். "நண்டு, சிலந்தி, பூரான், சில்வண்டு எல்லாம் ஒரே வம்சம்தாங்க. எலும்புக்குப் பதிலா வெளியே ஓடு. காலெல்லாம் மூட்டு மூட்டா இருக்கும். உடம்பு வளரும், ஓடு வளராது. அதனால பழசைப் பிளந்துக்கிட்டு வெளியே வந்துடும்."

எண்ணிப் பார்த்தேன். சில்வண்டுக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு, நண்டுக்குப் பத்து. பூரானை எண்ணி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

பிறகு சில்வண்டு மாவில் செய்த தின்பண்டத்தைச் சுற்றுக்கு விட்டாள். "நண்டு ஒத்துக்காதவங்க தொடாதீங்க. ரெண்டும் சொந்தக்காரங்க, உடம்புக்கு வித்தியாசம் தெரியாது."

வரும்போது அந்த மாவில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன்.

ஓடு கழற்றப்போகிற நண்டின் துடுப்புக்காலில் சிவப்பாக ஒரு கோடு தெரியும். இங்கே பிறந்தவர்களுக்கு அது தானாகக் கண்ணில் படும். கழற்றிய நண்டு சில மணி நேரம் வெண்ணெய் மாதிரி இருக்கும், எடுத்தால் கடிக்காது. கோடு விழாத நண்டை உரித்தால் செத்துப்போகும். ஜெரால்டினிடமும் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். அந்த ஞாயிறு சர்ச்சில் எனக்குப் பாட்டுப் புத்தகத்தை நீட்டினாள்.

மத்தியானமே பிஸ்கட் தட்டோடு போனேன்.

"நண்டு கிண்டு போட்டிருக்கியா?"

"பிஸ்கட்ல யாராவது நண்டு போடுவாங்களா?"

"நீ போடுவ" என்று சிரித்தாள். தட்டை வைக்க உள்ளே போனாள். ஜன்னலோரத் தகர டப்பாவை என் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஊசி என்னிடம் இருந்தால்தானே என்னிடம் வருவாள்.

நான் வீடு திரும்பிய கால் மணி நேரத்தில் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் தெருவில் பழகியவர்கள் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். முன்கதவைத் தட்டுவது அன்னியர்கள்தான். அவள் முன்கதவைத் தட்டினாள். நாலு தடவை.

நான் கதவுக்கு இந்தப் பக்கம், பைக்குள் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழைய மாதிரி 'நெட்டி' என்று ஒரு தடவை கூப்பிடட்டும், திறக்கலாம் என்று இருந்தேன். கூப்பிடவில்லை. அவளுக்கு எப்போதும் அந்த வீம்பு உண்டு.

இருந்தாலும் வேலி போட்ட பிறகு அவளாக என் வீட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான். நாங்கள் சமாதானமாகிவிட்டோம் தம்பி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.