புங்கந்தோப்புக்குக் கட்டடச் சான்று கேட்டவர்கள்

மேடையில் இருக்கும் நெசவாளர் சங்கத் தலைவர் தென்னரசு அவர்களே, அனுமதி அலுவலகத்திலிருந்து மாலையோடு வந்திருக்கும் அதிகாரி அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் ஆரணித் தாய்மார்களே! நான் காவ்யாவைப் பேத்தியாகப் பெற்ற ஆயா. ஐந்தாவது வரை படித்தவள். புஷ்பலதா டீச்சரைப் பற்றிப் பேச அது போதும்.

தறிக்குழியில் விழுந்துவிடக் கூடாதென்று பிள்ளைகளின் இடுப்பில் துணி கட்டித் தூணில் முடிந்தவர்கள் நாம். நானும் முடிந்தேன். அதை அவிழ்த்தவர் யார்? புஷ்பலதா டீச்சர்! அந்தத் துணிகளை ஒன்றாக முடிந்து நீளக் கயிறாக்கி, ஆளுக்கொரு முடிச்சைப் பிடிக்கச் சொல்லி, ஆற்றோரப் புங்கந்தோப்புக்கு நடத்திப் போனவர் யார்? எங்கள் புஷ்பலதா டீச்சர்! அங்கேதான் காவ்யா மண்ணில் எழுதினாள், எறும்பை எண்ணினாள், நாலு வயதில் மரமேறினாள். என் பேத்தி!

அந்தத் தோப்புப் பள்ளிக்கு அனுமதி கேட்டு டீச்சர் ஆறு முறை மனுக் கொடுத்தார். ஒருமுறை நானும் கூடப் போனேன். மேசையில் இருந்தவர் டீச்சரிடம் கேட்டார்:

"பில்டிங் உறுதிச் சான்று எங்கம்மா?"

"பில்டிங்கே இல்லீங்க சார். மரத்தடிதான்."

"அப்போ மரத்துக்கு வாங்கினு வா. பேஜார் பண்ணாதே."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "வேலி, மருந்துப் பெட்டி, குடிதண்ணி எல்லாம் இருக்குதுங்க. தோப்புக்கு ஏத்த மாதிரி தனியா விதி எழுதுங்க சார். ஒருவாட்டி வந்து பாருங்க" என்றார்.

வந்தார்கள். எதற்கு? முத்திரை வைக்க! கதவு இருந்தால்தானே வைப்பது? தேடித் தேடி, கயிறும் குவளைகளும் இருந்த தகரப் பெட்டிக்கு அரக்கு வைத்தார்கள். தூ! அதே வாரம், கீழே பவர்லூம் அதிர, ஜன்னலே இல்லாத மாடி அறையில் நடக்கும் மழலையர் பள்ளிக்கு அனுமதி கொடுத்தார்கள். நான்கு சுவர் இருக்கிறதாம்!

ஏழாவது மனுவை எழுதி வைத்துவிட்டு, போன வியாழக்கிழமை மாரடைப்பில் டீச்சர் போய்விட்டார். நேற்று இரண்டு வீட்டுத் தூண்களில் மறுபடியும் துணி முடிந்திருந்ததைப் பார்த்தேன்.

தலைவர் இரண்டு நிமிடம் மௌனம் என்றார். நிற்கிறேன். ஆனால் அதோடு வாயை மூடிக்கொள்ள மாட்டேன். டீச்சரிடம் வேலை பழகிய கலைமகள் பாடம் நடத்துவாள். மனுவில் டீச்சர் பெயருக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தாய்மார்களே, நீங்களும் போடுங்கள்.

அதிகாரி அவர்களே, டீச்சர் படத்துக்கு உங்கள் மாலை வேண்டாம். மனுவை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியையும் மேடைக்குத் தூக்கி வந்திருக்கிறோம். நீங்கள் வைத்த அரக்கு, நீங்களே உடையுங்கள். பிள்ளைகள் வெளியே கயிற்றுக்காக நிற்கிறார்கள்.