நம் ஊர் ஆறு எது?

அவையின் நடுவே அமர்ந்து அழகு சேர்க்கும் அக்கிராசனர் சந்திரசேகரன் அவர்களே! பாடசாலைக் கமிட்டிப் பெரியவர்களே! பாலைக் கறந்து வைத்துவிட்டும், உலையை இறக்கி வைத்துவிட்டும் ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி போதாமல் வேலியோரம் நிற்கும் நண்பர்களே! இந்த மனுஷன் எப்போது முடிப்பான், மிட்டாய் எப்போது வரும் என்று முன்வரிசையில் காத்திருக்கும் பிள்ளைச் செல்வங்களே! பினாங்கு சூலியாத் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் இந்த ஷேக் அலாவுதீனின் அன்பு ததும்பும் வணக்கம்.

கை தட்டாதீர்கள், கை தட்டாதீர்கள்! நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

இது ஆண்டு விழாதான். ஆனால் பாயசம் குடித்துக் கலைவதற்கு மட்டும் நாம் கூடவில்லை. பூகோள வகுப்பு இனி நடக்குமா, நிற்குமா என்று இன்று இதே மேடையில் அக்கிராசனர் முடிவு சொல்லப்போகிறார். நவமணி டீச்சர் பிள்ளைகளைத் தெருத் தெருவாக அழைத்துப் போகிறார், மண்ணில் உட்கார வைக்கிறார், புத்தகத்தைத் தொடுவதில்லை என்று பெற்றோர் சிலருக்குக் குறை. அந்த வகுப்பு வேண்டும், வேண்டும் என்று வாதாடவே நான் மேடை ஏறினேன்.

கதை எங்கே தொடங்கியது? சென்ற வருஷம் பள்ளியைச் சோதிக்க ஒரு துரை வந்தார். கமிட்டி சார்பில் நானும் கூட நின்றேன். அவர் மலாயில் கேட்டார், டீச்சர் தமிழில் சொன்னார்: "உங்கள் ஊர் ஆறு எது?" வகுப்பே முழங்கியது: "காவேரி!" சரி, மலை எது? "பொதிகை!" ஆஹா, என்ன கம்பீரம்! என்ன ஒற்றுமை! சன்னலுக்கு வெளியே நம் கொடிமலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஒரு பிள்ளையாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே! காவேரி எப்போது கடல் தாண்டிப் பினாங்குக்கு வந்தது என்று துரைக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் குற்றம் பிள்ளைகள் மேலா? புத்தகம் மதராஸிலிருந்து கப்பலேறி வந்தது. அதில் காவேரி உண்டு, வைகை உண்டு. நம் ஊர் நடுவே ஓடும் சுங்கை பினாங் இல்லை. வீட்டில் நாம் என்ன பேசுகிறோம்? ஊருக்குப் போகணும், ஊருக்குப் போகணும் என்றுதானே? பிள்ளை என்ன செய்யும்? பார்க்காத ஆற்றைப் பாடமாய்ப் படித்தது, பார்க்கும் ஆற்றுக்குப் பெயர் தெரியாமல் நின்றது.

டீச்சர் புத்தகத்தை மூடினார், பள்ளிக் கதவைத் திறந்தார். பிள்ளைகள் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தார்கள். திரும்பி வந்து முற்றத்தில் ஈர மணலைக் குவித்துக் கொடிமலை செய்தார்கள். உச்சியில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தத் தண்ணீர் என்ன செய்தது தெரியுமா? தண்ணீர்மலைப் பக்கம் ஒரு கால், ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு கால் என்று பிரிந்து இறங்கியது. கீழே கைகோத்து ஒரே ஆறாய்க் கடலுக்கு ஓடியது! பிள்ளைகள் போட்ட கூச்சல் என் கடை வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு கோலமாவால் தெருக்கள் போட்டார்கள், வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை வைத்தார்கள். தேசப்படம் பிறந்துவிட்டது!

எங்கே, கண்மணிகளே, வடக்கைக் காட்டுங்கள்! பார்த்தீர்களா, அக்கிராசனர் அவர்களே? அத்தனை கையும் ஒரே திசை! ஒரு கை மட்டும் மிட்டாய்ப் பெட்டியைக் காட்டுகிறது, அதை மன்னித்துவிடுவோம்.

இன்று காலை என் கண்ணெதிரே நடந்ததைக் கேளுங்கள். ஆற்றோரம் மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்யும் வள்ளியம்மா அக்காவை அறியாதவர் யார்? குறை சொன்னவர்களில் பெரிய குரல் அவருடையதுதான். மகள் புஷ்பவள்ளியைப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிட வந்தார். "டீச்சர், எம்மவ பேர வெட்டிருங்க. ஆறுன்னா காவேரி. இது மாடு குளிப்பாட்டுற வாய்க்காலு! இதப் படிச்சிட்டு ஊருக்குப் போனா எவ மதிப்பா?"

டீச்சர் வாய் திறக்குமுன் புஷ்பவள்ளி அம்மாவின் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தாள். பாவம், குழந்தைக்கு அழுகை முட்டிக்கொண்டு நிற்கிறது. மணல் படத்தில் ஒரு புளியங்கொட்டையைக் காட்டினாள்.

"என்னாடி இது?"

"நம்ம வூடும்மா."

அக்கா குனிந்தார். கொட்டையை உற்றுப் பார்த்தார். இத்தனை காலம் இந்த மண்ணில் பாடுபட்டவருக்கு, இதோ உன் இடம் என்று யாராவது காட்டியிருக்கிறோமா? அடுத்த கணமே அக்கா சீறினார்: "ஏண்டி, ஆத்துக்கு அந்தாண்ட வச்சிருக்கே? நம்ம வூடு இந்தாண்டல்ல இருக்கு!" கொட்டையை எடுத்து இக்கரையில் அழுத்தி வைத்தார்.

கேட்டீர்களா, சபையோரே? வாய்க்கால் என்று வந்தவர், தம் வீட்டைக் கண்டதும் ஆறு என்றார்!

யார் அது, பின்னாலிருந்து? ராமதாஸ் அண்ணனா? 'பொழைக்க வந்த எடத்துல இதெல்லாம் என்னாத்துக்கு' என்கிறீர்களா? நல்ல கேள்வி, அண்ணே! பிழைக்க வந்தது யார்? நான் வந்தேன், நீங்கள் வந்தீர்கள். இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? இவர்கள் வரவில்லை, அண்ணே. இங்கேயே பிறந்தார்கள்! இந்த மலைக் காற்றில் வளர்ந்தார்கள், இந்த ஆற்றுத் தண்ணீரில் விளையாடினார்கள். காவேரியை மறக்கச் சொல்கிறேனா? ஒருநாளும் இல்லை! ஆனால் பிறந்த மண்ணைப் பிள்ளைக்குக் காட்ட மறுக்க நாம் யார்?

நான் பேசியது போதும். புஷ்பவள்ளி, எழுந்திரு கண்ணே. நம் ஊர் ஆறு எது? பயப்படாதே, உரக்கச் சொல்.

"காவேரி எங்கம்மா ஊரு ஆறு. சுங்கை பினாங் எங்க ஊரு ஆறு!"

அடடா! இப்போது தட்டுங்கள் கையை! வள்ளியம்மா அக்கா, நீங்களே சொல்லுங்கள், பெயரை வெட்டிவிடலாமா?

"வெட்டாதீங்க பாய். புள்ளைங்கள மலையேறுற ரெயில்ல கொடிமலைக்குக் கூட்டிட்டுப் போறீங்களாம்ல? என்னையும் கூட்டிட்டுப் போங்க. மேல நின்னு எங்க வூட்டப் பாக்கணும்."

அதோ, அக்கிராசனர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வகுப்பு நடக்கட்டும் என்று கையை உயர்த்திவிட்டார்! இனி எனக்கு இங்கே என்ன வேலை? மணலில் மலை எழுப்பிய சின்னக் கைகளுக்கும், பொறுத்துக் கேட்ட உங்கள் பெரிய மனசுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும். ரெயிலில் வள்ளியம்மா அக்காவுக்குச் சன்னலோர இடம் கொடுங்கள். அந்த மிட்டாய்ப் பெட்டியையும் திறந்துவிடுங்கள்!