கவுளி சொல்லோணும்

ச்சுக் ச்சுக்குன்னு கேட்டுச்சுங்க பூசாரி. அந்தச் சத்தம் இன்னும் எங் காதுல இருக்குது. எம் புள்ளை சௌந்திரத்தை ஓமலூர்ல குடுக்கலாமான்னு இதே கோயல்ல வாக்குக் கேட்டு உக்காந்தமே, அன்னைக்கு. பொழுது உச்சிக்கு வந்தும் செவுத்துப் பல்லி, அந்தக் கவுளி, வாயத் தொறக்கல. வந்திருந்த ஒறம்பரை சனமெல்லாம் பசியில கொட்டாவி உட்டுட்டிருந்தாங்க. அப்பத்தான் வலப்பக்கமா அந்தச் சத்தம். சாமி உத்தரவு குடுத்துருச்சுன்னு எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டுக் கண்ண மூடிட்டாங்க. நா மூடலீங்க. பெத்தவ பாருங்க, எம் புள்ளைக்கு என்ன சொல்றயோன்னு சாமியவே பாத்துட்டிருந்தேன். சாமிக்குப் பக்கத்துல நீங்க உக்காந்திருந்தீங்க. உங்க தாடை அசைஞ்சுச்சு.

அய்யோ, எந்திரிக்காதீங்க. சண்டைக்கு வர்லீங்க சாமி. இத்தன வருசத்துல யாருகிட்டயாச்சும் மூச்சு உட்டிருக்கறனா? சௌந்திரம் நல்லாத்தான் இருக்கறா. மாப்பிள்ளை தங்கமானவரு. மாமியாதான் கொஞ்சம் வாய். அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? நீங்க சொன்னது பலிச்சிருச்சுங்கறேன். அதுனாலதான் வெடிஞ்சதும் வெடியாததுமா ஓடியாந்தேன். இன்னைக்கும் அந்தச் சத்தம் ஒருக்கா வேணும்.

ஆமாங்க, எம் மவன் கைலாசத்துக்குத்தான். மதராஸ்ல பி.ஏ. படிக்கறான், இன்னும் பாதிப் படிப்பு பாக்கி கெடக்குது. அவனோட வாத்தியாரு ஒருத்தரு சீமையில வைத்தியப் படிப்புக்கு எடம் புடிச்சுக் குடுத்தாரு. கப்பல் சீட்டு, சோறு, தங்கறது எல்லாமே அவரு பொறுப்பு. இந்த வருசம் போனாத்தான் எடம். எங்கூட்டுக்காரரு, எடுத்த படிப்ப இங்க முடிக்கட்டும், அப்பறம் பாக்கலாங்கறாரு. அப்பறம் ஏதுங்க?

சொல்லாம இருப்பனா? அழுதேன். சோறு திங்காம கெடந்தேன். கடல் தாண்டறது உம்பட சமையக்கட்டு விசயமான்னு கேட்டாரு. கடைசில, குலசாமி சொல்லட்டும், கவுளி சத்தம் கேட்டாப் போகட்டும்னு முடிச்சுட்டாரு. போன மாசம் வந்து உக்காந்தோம், சொல்லல. திங்கக்கெழமையும் சொல்லல. இன்னைக்கும் சொல்லலீன்னா பொழுதோட ஆளத் தாட்டி உட்டு மதராஸ்ல இருந்து கூட்டியாந்துருவாராம். அப்பறம் காலேசும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஏரப் புடிக்கட்டுங்கறாரு.

தெய்வக் குத்தமா? சாமி மேல எனக்கு மட்டும் பயமில்லீங்களா? ஆனா கவுளிக்கு என்னங்க தெரியும்? இப்பக்கூட பாத்தேன், அந்த வெளக்கு மாடத்துக்கு மேல ஒட்டிக்கிட்டுத் தூங்குது. கையத் தட்டிப் பாத்தேன். ஒரு பூச்சி போச்சு, அதுக்கு மட்டும் கண்ணத் தொறந்துச்சு.

அவனாக் கப்பல் ஏறிப் போகட்டுங்கறீங்களா? அப்பிடிச் சொல்லாதீங்க. உத்தரவு இல்லாம போனான்னா அப்பங்காரரு தலை முழுகிருவாரு. சும்மா வாயில சொல்ற மனுசன் இல்லீங்க. தங்கச்சி மாரக்காள், சொல்லாம கண்ணாலம் பண்ணிக்கிட்டான்னு தலை முழுகுனவருதான. ரெண்டு பேரும் ஒரே சந்தைக்குத்தான் வாராங்க. அந்தப் புள்ளை எதுக்கால வந்து அண்ணான்னு கூப்புடும். இவரு புளிமூட்டை மேல கையை வெச்சு வெலை கேட்டுட்டிருப்பாரு. ஒத்த வயித்துல பொறந்தவங்க சாமி. அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்ததாவே முகத்துல காட்டமாட்டாரு. நாளைக்கு எம் மவன் வாசல்ல நின்னு அப்பான்னு கூப்புட்டாலும் அப்பிடித்தான். நா உள்ளாற நின்னு கேட்டுட்டிருக்கோணும்.

அவனும் லேசுப்பட்டவன் இல்ல. லீவுக்கு வந்தப்பச் சொன்னான், அம்மா, சாமியும் சொல்லாம, அப்பனும் சம்மதிக்காம நா கப்பல் ஏறமாட்டேன், அங்க போயி எந்த மூஞ்சியோட படிக்கறதுன்னு. சொல்லிப்போட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டான். பொறத்தாண்ட நின்னு அவன் முதுகப் பாத்தேன். பத்தொம்பது வயசுப் பையன் முதுகுங்களா அது? கெழவன் முதுகாட்டம் கூனிக்கெடந்துச்சு.

வண்டிச் சத்தம் கேக்குது. எங்கூட்டுக்காரரும் ஒறம்பரையுந்தான் வாராங்க. சீக்கிரம் ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பொழப்புக்கு எதும் வராது, எங் கட்டை வேகற வரைக்கும் வாயத் தொறக்கமாட்டேன். கால்ல உழுகோணுமா? உழுகறேன். நீங்க மூத்தவரு, எனக்கென்ன.

அடுத்த அமாவாசைக்கு வாய்தா கேக்கறதா? தாங்காதுங்க. இன்னைக்கே ஆகோணும்.

ஏனா?

போன மாசம் கவுளி சொல்லாம எல்லாரும் வெசனமா ஊடு திரும்புனமே, அன்னைக்கே எந் தம்பி மருதாசலத்த மதராசுக்கு அனுப்பி உட்டேன். சாமி சொல்லிருச்சு, அப்பனும் சரின்னுட்டாரு, ஊருக்கு வந்து திரும்ப நாளில்ல, அங்கிருந்தே கெளம்புன்னு சொல்லச் சொன்னேன். அம்மா சொல்லியுட்டா அவன் நம்புவான். தம்பி கூடவே கொழும்பு வரைக்கும் போயிட்டு இன்னைக்கு வெடியாலதான் வந்தான். அங்க கப்பல் தொறையில நம்மூரு இருக்கற பக்கமாப் பாத்து, அப்பனுக்குன்னு உழுந்து கும்புட்டானாம்.

வெள்ளிக்கெழமயே கப்பல் போயிருச்சுங்க.