மூடி உப்பிய ரசகுல்லா டப்பா

— எழுது அம்மணி கோமளா. 'ஞாயிறு காலை, டப்பா பிரித்தபோது இருந்தவர்கள்: கட்டிலில் அரங்கசாமியாகிய நான், எதிரே முக்காலியில் என் மைத்துனர் சென்னகிருஷ்ணன், மேசையருகே குழந்தை கோமளா.'

— ஏனுங் மச்சான், பொண்ணு குடுக்கற ஊட்டுக்குக் கடுதாசியா, போலீசுக்கு வாக்குமூலமுங்களா? டப்பாவை இன்னும் பிரிக்கவே இல்லியே!

— வெவரமா எழுதுனாத்தான் நம்புவாங்க மாப்ளே. மேல எழுது அம்மணி. 'தாங்கள் கல்கத்தாவிலிருந்து அனுப்பிய ரசகுல்லாவை ஆளுக்கு இரண்டாகச் சாப்பிட்டோம். தேனாய் இனித்தது.'

— அப்பா, மூடி உப்பியிருக்குதுங்களே.

— ரயில்ல வந்த சூடு கண்ணு.

— சூடு இல்லீங்க மச்சான். பர்மா சண்டையப்போ பட்டாளத்துச் சாமான் கிடங்குல எனக்கு இதேதான் வேலை. அமுக்கிப் பாருங்க. உள்ள போவுது, விட்டா டொக்குனு மேல வருது. உள்ளுக்குள்ள பொங்கிப் போச்சுங்க.

— ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாத்தா?

— அந்த வேலையே ஆகாதுங்க. நாத்தமே இல்லாமக்கூட வெசமாயிருக்கும். அப்படி ருசி பாத்த சமையக்காரன் ஒருத்தன் ரெண்டாம் நாளே போய்ச் சேந்தான். பொறக்கடையில ஆழமாக் குழி வெட்டிப் பொதைச்சுப்போடறேன்.

— பொதைச்சுக்க. கடுதாசியில தேனாத்தான் இனிக்கோணும். மாப்பிள்ளையோட அம்மா மொதமொதல்ல அனுப்புனதையே குத்தஞ்சொன்னா இந்தச் சம்பந்தம் நிக்குமா? இவளானா மாப்பிள்ளை போட்டோவைப் பொஸ்தகத்துக்குள்ள வெச்சுக்கிட்டு...

— அப்பா!

— செரி, செரி. விலாசம் எழுது. அவங்க இன்லண்டு லெட்டரைப் பிரிச்சுப் பாரு.

— அப்பா, இந்த மடிப்புக்குள்ள இன்னும் நாலு வரி இருக்குதுங்க. நாம படிக்கவே இல்லீங்க.

— படி.

— 'இதே கடையில் எங்களுக்கும் ஒன்று வாங்கினோம். இரண்டுக்கும் மூடி உப்பியிருக்கிறது. நீங்கள் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதினால் எங்களுடையதைப் பிரிக்கலாம் என்று தம்பி சொல்கிறான். உடனே பதில் போடவும். இப்படிக்கு, வெங்கடம்மாள்.'

— அட கெரகமே! மாப்பிள்ளையே சொன்னானாமா?

— மாப்ளே, நான் பாட்டுக்கு இனிச்சுதுன்னு அனுப்பியிருந்தா...

— நம்பித் தின்னிருப்பாங்க மச்சான். கொலைப்பழி நமக்கு.

— அதை அடிச்சுப்போட்டு எழுது அம்மணி. 'டப்பா கெட்டுவிட்டது. தங்களுடையதையும் தொடாமல் புதைத்துவிடவும். கோபித்துக்கொள்ள வேண்டாம். நிச்சயத்துக்கு நாள் பார்க்கிறோம்.' எழுதுனயா?

— எழுதி, ஒட்டியுமாச்சுங்க. மாமா, டேசன் பக்கந்தானுங்களே போறீங்க? மெயில் போறதுக்குள்ள போட்டுருங்க.

— குடு கண்ணு. குழி வந்து வெட்டிக்கறேன். டப்பாவை ஆரும் தொடாதீங்க.

— அதுக்குள்ள உங்க மாமன் சைக்கிள் தெருவே திரும்பிருச்சு! ஏங்கண்ணு, கோபிச்சுக்க வேண்டாம்னு பணிவாப் போட்டயல்ல?

— தொடாதீங்கன்னு போட்டனுங்கப்பா. அதுக்குக் கீழ, தம்பிக்கு வேற எடத்துல பொண்ணு பாத்துக்கச் சொல்லிப் போட்டனுங்க.